டேப்ளாய்டு: மருந்துப் புட்டியில் பிறந்த பத்திரிகைச் சொல்

"டேப்ளாய்டு" என்ற சொல் பெரும்பாலும் வசவாகத்தான் நம் காதில் விழுகிறது. ஒரு செய்தி சேனல் நடிகர் வீட்டு வாசலில் கேமராவோடு தவம் கிடந்தால், "டேப்ளாய்டு மாதிரி ஆயிட்டாங்க" என்று சலித்துக்கொள்கிறோம். அதே சொல்லுக்கு அச்சகத்தில் கெட்ட பெயரே கிடையாது. "பிராட்ஷீட்டா, டேப்ளாய்டா?" என்று, அதாவது பெரிய தாளா அதில் பாதியா என்று கேட்பவருக்குத் தாள் எவ்வளவு பெரியது என்பது மட்டுமே கவலை. கம்ப்யூட்டரில் பிரிண்ட் கொடுக்கும்போது வரும் தாள் பட்டியலில்கூட லெட்டர், லீகல், ஏ4 வரிசையில் டேப்ளாய்டு என்று ஒன்று இருக்கும். 11 அங்குல அகலம், 17 அங்குல நீளம். அந்தத் தாளில் வரவுசெலவுக் கணக்கை அச்சடிப்பவர் யாரைப் பற்றியும் வம்பு பேசுவதில்லை.

அளவைச் சொல்வது ஒரு பொருள். குணத்தைச் சொல்வது இன்னொரு பொருள். இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால் எழும் வாதங்கள் ஏராளம். இவற்றுக்கும் முன்னால் அந்தச் சொல்லுக்கு வேறொரு வேலை இருந்தது. அது மருந்தின் பெயர். அங்கிருந்து தொடங்குவதுதான் சரி.

இரண்டு அமெரிக்கர்கள், ஒரு மாத்திரை

1880-ல் லண்டனில் சைலஸ் பரோஸ், ஹென்றி வெல்கம் என்ற இரண்டு அமெரிக்கர்கள் சேர்ந்து பரோஸ் வெல்கம் என்ற மருந்துக் கம்பெனியைத் தொடங்கினார்கள். அந்தக் காலத்து இங்கிலாந்தில் மருந்து என்றால் புட்டியில் கலக்கிக் கொடுக்கும் திரவம், பொட்டலம் கட்டிய பொடி, அல்லது கடைக்காரர் மாவு பிசைந்து கையால் உருட்டிய உருண்டை. நம் ஊர் வைத்தியர்கள் சூரணமும் குளிகையும் செய்த அதே கதைதான். உருட்டுகிறவர் கைக்கு ஏற்ப மருந்தின் அளவு கூடும், குறையும். காய்ந்து கல்லாகிப் போன உருண்டை வயிற்றில் கரையாமலே வெளியேறுவதும் உண்டு.

பொடியை அச்சில் போட்டு அழுத்தி வில்லையாக்கும் யோசனை இங்கிலாந்துக்குப் புதிதல்ல. வில்லியம் பிராக்கடன் என்ற ஓவியர் 1843-லேயே அதற்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். அவருக்குத் தேவைப்பட்டது நல்ல பென்சில். உயர்தரக் கிராஃபைட் கட்டிகள் கிடைப்பது அரிதாகிவிட்டதால், கிராஃபைட் பொடியை அழுத்திக் கெட்டியாக்கும் வழியைத் தேடினார். அதே முறையில் மருந்தையும் அழுத்தலாம் என்று தெரிந்தது. ஆனால் இதைப் பெரிய வியாபாரமாக்கியவர்கள் அமெரிக்கர்கள். பிலடெல்பியாவில் இருந்த ஜான் வைத் கம்பெனி இயந்திரத்தில் மாத்திரை அடித்துத் தள்ளியது. அந்தக் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதியாகத்தான் பரோஸ் லண்டனுக்கே வந்தார்.

சரக்கு இருக்கிறது, அதற்கு ஒரு பெயர் வேண்டும். 'டேப்லெட்' என்பது எல்லோருக்கும் பொதுவான சொல், அதைச் சொந்தம் கொண்டாட முடியாது. அதன் வாலை வெட்டி, 'ஆய்டு' என்ற ஒட்டைச் சேர்த்தார்கள். 'அதைப் போன்றது', 'அந்த உருவம் கொண்டது' என்ற பொருளில் கிரேக்கத்திலிருந்து வந்த ஒட்டு அது. ஆல்கலாய்டு, ஆஸ்டிராய்டு போன்ற சொற்களின் முடிவில் இருப்பதும் அதுதான். காதில் விழுந்தாலே ஏதோ விஞ்ஞானப் பெயர் என்ற மதிப்பு வரும். 1884 மார்ச் 14 அன்று 'டேப்ளாய்டு' அந்தக் கம்பெனியின் வணிக முத்திரையாகப் பதிவானது.

அதற்குப் பிறகு வெல்கம் செய்த விளம்பரம் அசாத்தியமானது. மாத்திரையோடு நிற்கவில்லை. டேப்ளாய்டு தேயிலை வந்தது. தேயிலைத் தூளை அழுத்திச் செய்த சின்ன வில்லை அது, வெந்நீரில் போட்டால் தேநீர். டேப்ளாய்டு புகைப்பட ரசாயனம் வந்தது, டேப்ளாய்டு முதலுதவிப் பெட்டி வந்தது. ஆப்பிரிக்காவுக்குள் போன ஹென்றி ஸ்டான்லியிடம் இந்த மருந்துப் பெட்டி இருந்தது. அண்டார்டிகாவுக்குப் போன ராபர்ட் ஸ்காட்டின் குழுவிடமும் இருந்தது. பெட்டியைக் கொடுத்துவிட்டு, "இவர் எங்கள் பெட்டியோடு போனார்" என்று விளம்பரம் போட்டுக்கொள்வார்கள். இன்று கிரிக்கெட் வீரருக்குக் காலணி கொடுப்பதற்கும் அதற்கும் அதிக வித்தியாசம் இல்லை.

பெயர் பரவ வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள், அது அளவுக்கு மீறியே பரவிவிட்டது. சின்னதாக, கச்சிதமாக, அழுத்தி அடைத்த எதையும் மக்கள் 'டேப்ளாய்டு' என்று அழைக்கத் தொடங்கினார்கள். சோப்வித் கம்பெனி 1913-ல் ஒரு குட்டி விமானத்தைக் கட்டியபோது அதற்குக் கிடைத்த பெயரும் சோப்வித் டேப்ளாய்டு. 1914 ஏப்ரலில் மொனாக்கோவில் நடந்த ஷ்னைடர் கோப்பைப் பந்தயத்தில் ஜெயித்தது அந்த விமானம்தான்.

இதற்கிடையில், வாடிக்கையாளர் 'டேப்ளாய்டு' கேட்டால் வேறு கம்பெனியின் மாத்திரையை எடுத்துக் கொடுத்த மருந்து வியாபாரிகள் மீது பரோஸ் வெல்கம் வழக்குப் போட்டது. 1903-ல் தீர்ப்பு வந்தது. மருந்து வியாபாரத்தில் அந்தப் பெயர் கம்பெனிக்கே உரியது என்று நீதிபதி பைர்ன் ஏற்றுக்கொண்டார். கூடவே இன்னொன்றையும் கவனித்தார்: எந்தப் பொருளையும் சுருக்கி அழுத்தித் தரும் வடிவத்துக்கு, ஒரு வேளை அளவுக்கு, இந்தச் சொல் பொதுவழக்கில் வந்துவிட்டது என்பதை. கம்பெனி வழக்கில் வென்றது, சொல்லோ கைநழுவிவிட்டது. நழுவிய சொல்லைப் பிடித்துக்கொண்டவர்களில் முக்கியமானவர் ஒரு பத்திரிகை முதலாளி.

ஒரு நாள் ஆசிரியர்

ஆல்ஃபிரட் ஹார்ம்ஸ்வொர்த் டப்ளின் அருகே பிறந்தவர், பிற்காலத்தில் நார்த்கிளிஃப் பிரபு ஆனவர். 1896 மே மாதம் லண்டனில் 'டெய்லி மெயில்' நாளிதழை அரைப் பென்னி விலையில் தொடங்கி, சில ஆண்டுகளிலேயே உலகின் பெரிய பத்திரிகை முதலாளிகளில் ஒருவராகிவிட்டார். ரயிலிலும் டிராமிலும் வேலைக்குப் போகும் குமாஸ்தாவுக்கு நாடாளுமன்றத்தின் நான்கு பத்திப் பேச்சை முழுதாகப் படிக்க நேரமும் இல்லை, பொறுமையும் இல்லை என்பது அவருடைய கணக்கு.

1900 டிசம்பரில் அவர் அமெரிக்காவுக்குப் போனார். நியூயார்க்கின் 'வேர்ல்டு' நாளிதழ் அப்போது ஜோசப் புலிட்சருடையது. ஆம், பரிசுக்குப் பெயர் கொடுத்த அதே புலிட்சர். "புத்தாண்டு இதழை நீங்களே கொண்டுவாருங்கள், எப்படி வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள்" என்று ஒரு நாள் பொறுப்பை ஹார்ம்ஸ்வொர்த்திடம் ஒப்படைத்தார். அவர் செய்த முதல் வேலை பக்கத்தைப் பாதியாக்கியது. அடுத்த வேலை, எந்தச் செய்தியும் 250 சொற்களைத் தாண்டக்கூடாது என்று உத்தரவு போட்டது. 1901 ஜனவரி 1 அன்று வெளிவந்த அந்த இதழ் அறுபது விநாடியில் எல்லாச் செய்தியும் என்று வாக்குக் கொடுத்தது. தன்னுடைய படைப்புக்கு அவர் பயன்படுத்திய சொல் 'டேப்ளாய்டு'. இதுதான் இருபதாம் நூற்றாண்டின் பத்திரிகை என்றும் அறிவித்தார்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்த இதழில் 'டேப்ளாய்டு' என்பதற்கு வம்பு என்ற பொருள் துளியும் இல்லை. மருந்துக் கம்பெனி மாத்திரையில் செய்ததை ஹார்ம்ஸ்வொர்த் செய்தியில் செய்ய நினைத்தார். வேண்டாததைக் கழித்து, சத்தை மட்டும் அழுத்தி, ஒரு வேளைக்கு இவ்வளவு என்று அளந்து கொடுப்பது. அவர் பார்வையில் அது ஒரு நவீன வசதி. அதே 1901-லேயே ஆங்கிலப் பத்திரிகைகளில் 'டேப்ளாய்டு ஜர்னலிசம்' என்ற தொடர் புழங்கத் தொடங்கிவிட்டது.

மறுநாள் 'வேர்ல்டு' பழைய பெரிய தாளுக்கே திரும்பியது. இன்னும் வேடிக்கை, ஹார்ம்ஸ்வொர்த்தின் சொந்த 'டெய்லி மெயில்' அவர் இறந்து (1922) ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆகும்வரை பெரிய தாளிலேயே வந்தது. அது டேப்ளாய்டு ஆனது 1971-ல்.

பெரிய தாள் ஏன் பெரிதானது?

பாதியாக்க வேண்டிய அளவுக்கு அது ஏன் அவ்வளவு பெரிதாக இருந்தது என்ற கேள்வி எழும். பாதிப் பதில் வரியில் இருக்கிறது. 1712-ல் பிரிட்டிஷ் அரசு பத்திரிகைகளுக்கு முத்திரைத் தீர்வை போட்டது, முழுத்தாளுக்கு ஒரு பென்னி என்று. தாள் கணக்கில் வரி என்றால், தாள்களைக் கூட்டுவதைவிட ஒரே தாளைப் பெரிதாக்கி எழுத்தைச் சின்னதாக்குவது லாபம். 1855-ல் வரி போய்விட்டது, பழக்கம் போகவில்லை. கையை அகல விரித்துப் பெரிய தாளைப் படிப்பதே கௌரவம் என்றாகிவிட்டது. கூட்டமான ரயிலில் அதை விரித்தால் பக்கத்து ஆளின் மூக்கில் இடிக்கும்.

தொழில்நுட்பமாகப் பார்த்தால் டேப்ளாய்டு பெரிய மாயமில்லை. பிராட்ஷீட்டின் ஒரு பக்கத்தைப் படுக்கைவாட்டில் திருப்பினால் அதில் இரண்டு டேப்ளாய்டு பக்கங்கள் அடங்கும். அதே இயந்திரம், அதே காகித உருளை, மடிப்பு ஒன்று கூடுதல். ஏறக்குறைய 28 சென்டிமீட்டர் அகலம், 43 சென்டிமீட்டர் உயரம் கொண்ட பக்கம் கிடைக்கும். அளவுகள் நாட்டுக்கு நாடு, அச்சகத்துக்கு அச்சகம் கொஞ்சம் மாறும். இரண்டுக்கும் நடுவில் பெர்லினர் என்றும் ஓர் அளவு உண்டு, பாரிஸின் 'லெ மோந்த்' அந்த அளவில் வரும் நாளிதழ்.

ஆனால் பக்கம் பாதியானதும் ஆசிரியர் குழுவின் மூளையும் வேறு மாதிரி வேலை செய்யத் தொடங்குகிறது. பெரிய தாளின் முதல் பக்கத்தில் ஏழெட்டுச் செய்திகள் அருகருகே நிற்கும், வாசகர் தனக்கு எது முக்கியம் என்று தேர்ந்துகொள்ளலாம். சின்னத் தாளின் முதல் பக்கத்தில் ஒரு படம், ஒரு தலைப்பு, அவ்வளவுதான் இடம். எது இன்றைய செய்தி என்பதை ஆசிரியரே முடிவு செய்தாக வேண்டும். கடையில் தொங்கும்போது பத்தடி தூரத்திலிருந்து படிக்கத் தெரியவும் வேண்டும். நியூயார்க் டேப்ளாய்டுகளில் முதல் பக்கத் தலைப்பை இன்றும் 'வுட்' என்பார்கள். ஈயத்தில் வார்க்க முடியாத அளவு பெரிய எழுத்துகளை மரத்தில் செதுக்கி வைத்திருந்த காலத்தின் மிச்சம் அது. அளவு குணத்தைத் தீர்மானிப்பதில்லை என்றுதான் நான் சொல்ல வருகிறேன். ஆனாலும் அளவுக்கு ஒரு சாய்வு உண்டு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

படம் வந்தது, ரத்தமும் வந்தது

1903 நவம்பர் 2 அன்று ஹார்ம்ஸ்வொர்த் 'டெய்லி மிரர்' நாளிதழைத் தொடங்கினார். பெண்களுக்காகப் பெண்களே நடத்தும் பத்திரிகை. முதல் நாள் இரண்டரை லட்சத்துக்கும் மேல் விற்றது, சில மாதங்களில் இருபத்தைந்தாயிரம் அளவுக்குச் சரிந்தது. பெண்களுக்கு எழுதவும் வராது, படிக்கவும் பிடிக்காது என்று பழியைப் பெண்கள் மேலேயே போட்டுவிட்டு, ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த வேலையைச் செய்த புதிய ஆசிரியர் ஹாமில்டன் ஃபைஃப், பூனைக்குட்டிகளைத் தண்ணீரில் அமுக்குவது போல இருந்தது என்று பிறகு சொன்னார். பத்திரிகையைக் காப்பாற்றியது ஆர்காஸ் சாப்ட் என்ற தொழில்நுட்பக்காரர். வேகமான சுழல் அச்சு இயந்திரத்தில் புகைப்படங்களைத் தெளிவாக அச்சடிக்கும் வழியை அவர் கொண்டுவந்தார். 1904 ஜனவரியில் 'மிரர்' படப் பத்திரிகையாக மறுபிறவி எடுத்தது, விலை அரைப் பென்னி. அதன் பிறகு விற்பனை ஏறியது. சின்னத் தாளோடு புகைப்படம் நிரந்தரமாகச் சேர்ந்துகொண்டது இங்கேதான்.

இந்த வித்தையை அட்லாண்டிக்கைத் தாண்டிக் கொண்டுபோனவர் ஜோசப் மெடில் பாட்டர்சன். முதல் உலகப் போரின்போது ராணுவ அதிகாரியாக ஐரோப்பாவுக்கு வந்தவர், லண்டனில் நார்த்கிளிஃப்பைச் சந்தித்தார். நியூயார்க்கில் இப்படி ஒரு பத்திரிகை வேண்டும் என்று அவர் தூண்டிவிட, 1919 ஜூன் 26 அன்று 'இல்லஸ்ட்ரேட்டட் டெய்லி நியூஸ்' வந்தது. சப்வே ரயிலில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் படிக்கலாம். ஆங்கிலம் அரைகுறையாகத் தெரிந்த குடியேறிகளுக்குப் படமே பாதிச் செய்தியைச் சொல்லிவிடும். சில ஆண்டுகளிலேயே அமெரிக்காவில் மிக அதிகமாக விற்கும் நாளிதழ் ஆகிவிட்டது.

1924-ல் பத்திரிகை முதலாளி வில்லியம் ராண்டால்ஃப் ஹெர்ஸ்ட் ஒரு போட்டிப் பத்திரிகையை இறக்கினார். பெர்னார் மக்ஃபாடன் 'ஈவினிங் கிராஃபிக்' என்று இன்னொன்றை இறக்கினார். இந்த 'கிராஃபிக்' பத்திரிகையில் படம் இல்லாத இடத்தில் படத்தைத் 'தயாரித்தார்கள்'. நீதிமன்றத்துக்குள் கேமராவை விடவில்லையா? அலுவலக ஊழியர்களை அந்தக் காட்சிபோல் நிறுத்திப் படம் எடுத்து, வழக்கில் உள்ளவர்களின் முகங்களை வெட்டி ஒட்டினார்கள். அதற்குக் 'கம்போசோகிராஃப்' என்று பெயரும் சூட்டினார்கள். நடிகர் வாலண்டினோ 1926-ல் இறந்த பிறகு, சொர்க்கத்தில் பாடகர் கரூசோ அவரைச் சந்திக்கும் 'புகைப்படம்' கூட வந்தது. போலிப் படம் செயற்கை நுண்ணறிவோடு பிறந்தது என்று நினைப்பவர்கள் இந்தப் பத்திரிகையின் பழைய பக்கங்களைப் பார்க்க வேண்டும்.

ஆனால் டேப்ளாய்டு என்றால் என்ன என்பதை ஒரே படத்தில் காட்ட வேண்டும் என்றால், நான் எடுப்பது 1928 ஜனவரி 13-ன் 'டெய்லி நியூஸ்' முதல் பக்கம். கணவனைக் கொன்றதற்காக ரூத் ஸ்னைடர் என்ற பெண்ணுக்கு மரண தண்டனை. ஜனவரி 12 இரவு சிங் சிங் சிறையில் மின்நாற்காலி. செய்தியாளர்கள் சாட்சிகளாக உள்ளே வரலாம், கேமரா வரக்கூடாது. நியூயார்க் சிறைக் காவலர்களுக்கு உள்ளூர்ப் புகைப்படக்காரர்களின் முகம் தெரியும் என்பதால், சகோதரப் பத்திரிகையான 'சிகாகோ டிரிப்யூன்' வழியாக டாம் ஹோவர்டு என்பவரை வரவழைத்தார்கள். கணுக்காலில் ஒரு சின்ன கேமராவைக் கட்டிக்கொண்டார். ஷட்டரை இயக்கும் கம்பி கால்சட்டைக்குள் ஏறி அவர் கைக்கு வந்தது. முன்வரிசையில் உட்கார்ந்து, நேரம் வந்ததும் கால்சட்டையைக் கொஞ்சம் தூக்கி, கம்பியை அழுத்தினார். மறுநாள் முதல் பக்கம் முழுக்க அந்தப் படம், சற்றுக் கலங்கலாக, சற்றுச் சாய்வாக. மேலே ஒரே சொல்: 'டெட்!'

இந்தப் பக்கத்தை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இரண்டு எண்ணங்கள் சண்டை போடுகின்றன. ஓர் உயிர் போகும் கணத்தைக் காசாக்கிய கொடுமை அது, சந்தேகமில்லை. அரசு தன் குடிமக்களின் பெயரால் மூடிய கதவுக்குப் பின்னால் என்ன செய்கிறது என்பதை அந்தக் குடிமக்களுக்குக் காட்டிய படமும் அதுதான். பத்திரிகையின் நோக்கம் இரண்டாவது அல்ல, விற்பனைதான். ஆனாலும் விளைவு நோக்கத்தைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. ஹோவர்டின் கேமரா இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

மஞ்சளும் டேப்ளாய்டும் ஒன்றா?

தமிழில் இந்த இரண்டையும் நாம் ஒரே பொருளில் சொல்கிறோம். வரலாற்றில் இரண்டும் வேறு. 1890-களின் நடுவில் புலிட்சரின் 'வேர்ல்டு', ஹெர்ஸ்டின் 'ஜர்னல்' இரண்டும் வாசகருக்காக அடித்துக்கொண்டன. மஞ்சள் சட்டை போட்ட மொட்டைத் தலைச் சிறுவனின் கேலிச் சித்திரத்தை வரைந்த ஔட்கால்ட்டை ஹெர்ஸ்ட் இழுத்துக்கொள்ள, புலிட்சர் வேறொருவரை வைத்து அதே சிறுவனை வரைந்தார். அந்தச் சிறுவனின் சட்டையிலிருந்து வந்ததுதான் மஞ்சள் பத்திரிகை என்ற பெயர். அந்த மஞ்சள் பத்திரிகைகள் இரண்டும் முழு நீளப் பெரிய தாளில் வந்தவை.

அந்தப் பெயர் கடல் தாண்டித் தமிழுக்கு வந்தபோது இங்கே அதற்கு ஏற்ற ஆள் இருந்தார். சென்னையில் 'சினிமா தூது', பிறகு 'இந்து நேசன்' நடத்திய லட்சுமிகாந்தன். திரைப் பிரபலங்களின் அந்தரங்கத்தை எழுதுவது, எழுதாமல் இருக்கப் பணம் வாங்குவது என்று பெயர் எடுத்தவர். 1944 நவம்பர் 8 அன்று கத்திக்குத்துப்பட்டு மறுநாள் இறந்தார். அந்த வழக்கில் எம்.கே. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் சிறைக்குப் போய், மேல்முறையீடு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போன பிறகு 1947-ல் விடுதலையானார்கள். பாகவதரின் புகழ் பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை.

இந்தியாவில் டேப்ளாய்டு என்ற சொல்லுக்கு அளவிலும் குணத்திலும் பொருந்திய பத்திரிகை என்றால் பம்பாயின் 'பிளிட்ஸ்'. 1941-ல் ரூசி கரஞ்சியா தொடங்கிய வார இதழ். 1959-ல் கடற்படை அதிகாரி நானாவதி தன் மனைவியின் காதலனைச் சுட்டுக் கொன்ற வழக்கில், 'பிளிட்ஸ்' வெளிப்படையாக நானாவதியின் பக்கம் நின்றது. 25 பைசா இதழ் 2 ரூபாய்க்குக் கைமாறியது. ஜூரிகள் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் குற்றவாளி அல்ல என்றார்கள். உயர் நீதிமன்றம் அதைத் தள்ளி ஆயுள் தண்டனை கொடுத்தது.

கெட்ட பெயர் நிலைத்த கதை

இந்தச் சொல்லை உலகம் முழுக்க வசவாக்கிய பெருமையில் பெரும்பங்கு பிரிட்டனுக்கு உரியது. 1969-ல் நஷ்டத்தில் ஓடிக்கொண்டிருந்த 'சன்' நாளிதழை ரூபர்ட் மர்டாக் வாங்கி டேப்ளாய்டாக மாற்றினார். விற்றது வேறு யாருமில்லை, 'மிரர்' நாளிதழின் உரிமையாளர்களே. பத்து ஆண்டுகள் ஆவதற்குள் 'சன்' 'மிரர்' விற்பனையைத் தாண்டிவிட்டது. அரசியல், கால்பந்து, மூன்றாம் பக்கத்தில் அரை நிர்வாணப் பெண் படம், எல்லாவற்றுக்கும் மேல் தலைப்பு. அர்ஜென்டினாவின் பெல்கிரானோ போர்க்கப்பலைப் பிரிட்டன் தாக்கிய செய்திக்கு 1982 மே 4 இதழில் 'காட்சா' என்று தலைப்புப் போட்டார்கள். "மாட்டினியா!" என்பதுதான் அதன் தொனி. கப்பல் மூழ்கி நூற்றுக்கணக்கானோர் இறந்திருக்கலாம் என்று தெரிந்ததும் அடுத்தடுத்த பதிப்புகளில் தலைப்பை மாற்றினார்கள். இறந்தவர்கள் 323 பேர்.

1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நெரிசல். லிவர்பூல் ரசிகர்கள் 97 பேரின் உயிரைக் குடித்த விபத்து அது. நான்கு நாள் கழித்து 'சன்' முதல் பக்கத்தில் 'உண்மை' என்று கொட்டை எழுத்தில் தலைப்புப் போட்டு, ரசிகர்கள் செத்தவர்களிடம் திருடினார்கள், போலீஸார் மேல் சிறுநீர் கழித்தார்கள் என்று எழுதியது. எல்லாம் பொய். 2012-ல் சுயேச்சைக் குழுவின் அறிக்கை வந்த பிறகு முதல் பக்கத்தில் மன்னிப்புக் கேட்டது. லிவர்பூலில் பல கடைகள் இன்றும் அந்தப் பத்திரிகையை விற்பதில்லை. இந்த மாதிரிப் பத்திரிகைகளின் பெயர்ப் பட்டை சிவப்பில் இருப்பதால் அங்கே அவற்றுக்கு 'ரெட் டாப்' என்று பெயர்.

அமெரிக்காவில் வேறொரு கிளை முளைத்தது. ஜெனரோசோ போப் 1952-ல் வாங்கிய வார இதழ் 'நேஷனல் என்கொயரர்' என்ற பெயரில் விபத்து, ரத்தம் என்று ஓடிக்கொண்டிருந்தது. அதைச் சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் இடத்தில் வைத்து விற்க ஆசைப்பட்டார் போப். மளிகை வாங்க வரும் குடும்பத்தலைவி முன்னால் வெட்டுண்ட தலையை வைக்க எந்தக் கடைக்காரரும் சம்மதிக்க மாட்டார். ரத்தத்தைக் கழுவிவிட்டு நடிகர் வம்பு, அதிசயம், உணவுக் கட்டுப்பாடு என்று மாற்றினார். எங்கே விற்கிறது என்பதே உள்ளே என்ன இருக்க வேண்டும் என்பதைத் தீர்மானித்தது. 1977-ல் சவப்பெட்டியில் கிடக்கும் எல்விஸ் பிரெஸ்லியின் படத்தோடு வந்த இதழ் 60 லட்சத்துக்கும் மேல் விற்றது. 'என்கொயரர்' வண்ணத்துக்கு மாறியதும் சும்மா கிடந்த கறுப்பு வெள்ளை இயந்திரத்தில் 1979-ல் 'வீக்லி வேர்ல்டு நியூஸ்' என்ற தங்கையைப் பெற்றெடுத்தார்கள். குகையில் அகப்பட்ட வௌவால் பையன் 1992-ல் உலகுக்கு அறிமுகமானது அதன் பக்கங்களில்தான். அதைச் செய்தி என்று நம்பி வாங்கியவர்களைவிடச் சிரிக்க வாங்கியவர்களே அதிகம் என்பது என் ஊகம்.

தாளைப் பார்த்து எடை போடலாமா?

கூடாது என்பதற்கு இரண்டு சாட்சிகள் போதும். ஜெர்மனியின் 'பில்ட்' 1952-ல் ஆக்ஸல் ஸ்ப்ரிங்கர் தொடங்கியது. கொட்டைத் தலைப்பு, பிரபலங்கள், பரபரப்பு என்று குணத்தில் அசல் டேப்ளாய்டு. ஆனால் அது வருவது பெரிய தாளில். லண்டனின் 'நியூஸ் ஆஃப் த வேர்ல்டு' 1843-லிருந்து கொலை, கள்ள உறவு, நீதிமன்ற அசிங்கம் என்றே ஞாயிறுதோறும் வந்தது. அது டேப்ளாய்டு அளவுக்கு மாறியது 1984-ல். 140 ஆண்டுகள் பிராட்ஷீட்டிலேயே வம்பு பேசியிருக்கிறது. கொலையுண்ட பள்ளி மாணவி மில்லி டவ்லரின் செல்பேசிக் குரல் அஞ்சலை அதன் ஆட்கள் ஒட்டுக்கேட்டது 2011 ஜூலையில் வெளியே வந்து, அதே மாதம் 10-ம் தேதி கடைசி இதழோடு மூடப்பட்டது. அதை வெளியே கொண்டுவந்த 'கார்டியன்' அப்போது பெர்லினர் அளவில் வந்துகொண்டிருந்தது.

கடைசியில் கௌரவமான பத்திரிகைகளும் சின்னத் தாளுக்கு இறங்கின. 2003 செப்டம்பரில் 'இண்டிபெண்டன்ட்' ஒரே செய்தியை இரண்டு அளவிலும் அச்சடித்துக் கடைக்கு அனுப்பியது. வாசகர்கள் சின்னதை எடுத்தார்கள். 2004-ல் அது முழுக்கச் சின்னதானது, அதே ஆண்டு நவம்பரில் 'டைம்ஸ்' நாளிதழும். ஆனால் தங்களை டேப்ளாய்டு என்று சொல்லிக்கொள்ள இருவருக்கும் கூச்சம். 'காம்பாக்ட்' என்றார்கள். அதே தாள், அதே மடிப்பு, பெயரில் மட்டும் தீட்டு. மருந்துக் கம்பெனி 1884-ல் 'டேப்ளாய்டு' என்று சொன்னபோது நினைத்ததும் கச்சிதம் என்பதைத்தான். சொல் கறைபட்டதால் அதே பொருளுக்கு இன்னொரு சொல் தேட வேண்டியிருந்தது.

'கார்டியன்' இதில் கொஞ்சம் பிடிவாதம் காட்டியது. பிராட்ஷீட்டும் வேண்டாம், டேப்ளாய்டும் வேண்டாம் என்று 2005-ல் நடு அளவான பெர்லினருக்குப் போனது. பிரிட்டனில் அந்த அளவுக்கு இயந்திரமே இல்லாததால் சுமார் 8 கோடி பவுண்டு செலவில் புதிதாக வாங்கியது. வாசகர்கள் இணையத்துக்குப் போய்விட, அந்த இயந்திரங்கள் சுமையாயின. 2018 ஜனவரி 15 அன்று 'கார்டியன்' டேப்ளாய்டு அளவுக்கு வந்தது. சொந்த இயந்திரங்களைக் கைவிட்டு, அச்சிடும் வேலையை வெளியே கொடுத்தது. அந்த வேலையை ஏற்றுக்கொண்ட நிறுவனம் டிரினிட்டி மிரர், அதாவது 'டெய்லி மிரர்' நாளிதழின் முதலாளி.